கண்ணாடிக்குள் வெயில்

முட்டையை அவித்து, உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் மஞ்சளைக் கரண்டி நுனியால் நோண்டிப் பூனைக்குப் போட்டுவிட்டு, வெறும் வெள்ளையை உப்புத் தொட்டுத் தின்கிற ஒரு மனுஷியோடு முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவன் நான். என் பொறுமைக்கு இன்னும் சாட்சி வேண்டுமென்றால் சொல்லுங்கள், நிறைய வைத்திருக்கிறேன். அவள் என் கூடப் பிறந்த தங்கச்சி.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளைப் பற்றிச் சொல்வது புரியாது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்கப்புறம் எனக்குப் பாடம் நடத்தியது கண்ணாடிதான். ஒரு வைரமுனைக் கத்தி, ஒரு மர அளவுகோல், ஒரு தள்ளுவண்டி. இவ்வளவுதான் என் முதல். தெருத் தெருவாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், உடைந்த ஜன்னலைப் பார்த்தால் கதவைத் தட்டி, "மாத்திக் குடுக்கவா?" என்று கேட்பேன். இன்றைக்குக் கடைத்தெருவில் மூன்று மாடி. கீழே பட்டறையும் கடையும், நடு மாடியில் நானும் என் மனைவியும், மேல் மாடியில் இரண்டு அறையில் தங்கச்சி. அதற்கும் மேலே மொட்டை மாடி. இந்த ஊரில் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் நான் பொருத்திய கண்ணாடியில் உங்கள் முகம் தெரியும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

தங்கச்சி பட்டறைக்கு வந்தது அவள் புருஷன் போன பிறகு. கையில் ஒரு பையன். "உக்காந்து தின்ன மாட்டேன் அண்ணே, ஏதாவது வேலை குடு" என்றாள். காலியாக இருந்தது ஓரம் தேய்க்கும் சக்கரம் ஒன்றுதான். அதில் யாரும் நிலைத்து உட்கார மாட்டார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், கை ஊறிப்போகும், சத்தம் காதைத் துளைக்கும். வெட்டின கண்ணாடியின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். அதைச் சக்கரத்தில் கொடுத்து வழவழப்பாக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் சிதறிவிடும், கொஞ்சம் விட்டால் அலை அலையாக வரும். ஒரு வாரத்தில் ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை. அவள் தேய்த்த ஓரத்தில் குழந்தையின் கன்னத்தை வைத்து இழுத்தாலும் கீறாது. பெரிய பெரிய முகக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள்கூட, "உங்க தங்கச்சி தேய்ச்சதுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் காசை எடுப்பார்கள். பட்டறையில் எல்லாரும் அவளைச் 'சக்கரத்தக்கா' என்பார்கள். அவளுக்கும் அந்தப் பேரில் ஒரு கர்வம். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சாப்பாட்டில்தான் என் உயிரை எடுத்தாள்.

கண்ணாடிப் பட்டறைக்கு என்று ஒரு சட்டம் உண்டு. மூடியில்லாத பாத்திரம் உள்ளே வரக் கூடாது. தேய்க்கிற மேஜையிலும் வெட்டுகிற மேஜையிலும் தின்பண்டம் வைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சில்லு சோற்றில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் கண்ணாடிக்காரர்கள் சாப்பிடும்போது நாக்கு நுனியால் ஒவ்வொரு வாயையும் ஒரு தடவை சோதித்துவிட்டுத்தான் மெல்லுவார்கள். நான்கூட அப்படித்தான். என் மனைவி கல்யாணமான புதிதில், "என் சமையல்ல என்ன தேடுறீங்க?" என்று அழுதிருக்கிறாள்.

தங்கச்சியோ அந்தச் சட்டத்தை ஒரு நோயாகவே ஆக்கிக்கொண்டாள். மீன் என்றால் ஒரு முள் விடாமல் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைப்பாள். டப்பாவில் வருகிற மீனில் முள் வெந்து பஞ்சாகக் கிடக்கும். அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எடுத்துவிடுவாள். கீரையைக் கழுவிக் கழுவி அதில் ஒன்றுமே மிஞ்சாத மாதிரி ஆக்கிவிடுவாள். பால் வாசனை ஆகாது. தயிர் என்றால் மூஞ்சி சுளிப்பு. எள்ளைப் பார்த்தால், "இது மணல் மாதிரி இருக்கு, பல்லுல நறநறங்குது." மஞ்சள் கருவை விட்டது, யாரோ எப்போதோ, "அது நெஞ்சுக்கு ஆகாது" என்று சொன்னதால். சொன்னது யார் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அப்படியானால் என்னதான் தின்பாள்? டீ. ரொட்டி. டீ. பிஸ்கட். மறுபடியும் டீ. பட்டறை திறந்ததிலிருந்து மூடும் வரை டியூப் லைட் வெளிச்சம். உடம்பில் முழுக்கைச் சட்டை, கையில் உறை. வெயில் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் தெரியும்.

இப்படி இருந்தவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை, ஒருநாள் மணிக்கட்டு உடைந்தது.

எப்படி உடைந்தது என்று கேட்டால்தான் எனக்கு ஆத்திரம் வரும். ஆள் உயரக் கண்ணாடியைத் தோளில் சாய்த்துத் தூக்கிப் போனவள் அவள். ஒருமுறை கண்ணாடி அடுக்குகிற ரேக்கே சரிந்து, கண்ணாடி எல்லாம் அவள் காலடியில் நொறுங்கி விழுந்தபோது ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தவள். அப்படிப்பட்டவள், சாயங்காலம் வேலை முடிந்து ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். அவ்வளவுதான். கிளிக் என்று ஒரு சத்தம். எழுந்திருக்கக் கை ஊன்றினால் உடைகிற எலும்பை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் என் கண்ணாடியைத் தூக்கியிருக்கிறாள்!

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். எலும்பின் அடர்த்தி குறைந்துவிட்டதாம். உடம்பில் வைட்டமின் டி இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லையாம். "நீங்க எவ்வளவு கால்சியம் சாப்பிட்டாலும், டி இல்லைன்னா அது எலும்புக்குப் போய்ச் சேராதும்மா. வயித்துக்குள்ள வந்துட்டு அப்படியே வெளியே போயிடும்" என்றார்.

"நான்தான் ஒண்ணுமே சாப்பிடறதில்லையே டாக்டர்" என்றாள் இவள், ஏதோ பரிசு வாங்கினவள் மாதிரி.

அவள் பையன், அதாவது என் மருமகன், அன்றைக்கே வந்துவிட்டான். பெரிய ஆபீஸில் வேலை, பதினோராம் மாடியில் வீடு. அம்மாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன் என்பது போல.

"மாமா, போதும். இன்னைக்கு மணிக்கட்டு, நாளைக்கு இடுப்பு. இடுப்பு உடைஞ்சா எழுந்திருக்க மாட்டாங்கன்னு டாக்டரே சொல்றாரு. நான் கூட்டிட்டுப் போறேன்."

"அங்க வந்து நான் என்ன பண்ணட்டும்? லிஃப்ட் பட்டனைத் தேய்க்கவா?" என்றாள் தங்கச்சி.

"நிம்மதியா இருங்கம்மா."

"எனக்கு நிம்மதி சக்கரத்துலதான்டா."

கடைசியில் டாக்டர்தான் பஞ்சாயத்து பண்ணினார். ஆறு மாதம் சக்கரத்தைத் தொடக் கூடாது. நல்ல சாப்பாடு, மாத்திரை, வெயில். பிறகு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். டி ஏறியிருந்தால் உட்கார்ந்து தேய்க்கிற வேலைக்கு அனுமதி. ஏறவில்லை என்றால் பட்டறைக்கு முழுக்கு, மகன் வீட்டுக்குப் பெட்டி. தங்கச்சி இடது கையை நீட்டி மகன் கையில் அடித்துச் சம்மதித்தாள். வலது கையில்தான் கட்டுப் போட்டிருந்ததே.

அந்த ஆஸ்பத்திரியில் சாப்பாடு சொல்வதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். என் பேத்தி வயசு. ஆனாலும் தெளிவாகச் சொன்னாள். பால், தயிர், சீஸ், முள்ளோடு தின்கிற சின்ன மீன், எள், பீன்ஸ், இதெல்லாம் கால்சியத்துக்கு. கொழுப்புள்ள மீன், முட்டையின் மஞ்சள் கரு, காளான், இதெல்லாம் வைட்டமின் டிக்கு. காளானை வெட்டிக் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டினால் அதில் டி இன்னும் கூடுமாம். கீரையில் கே என்று ஒரு வைட்டமின், அதுவும் எலும்புக்குத்தான். ஆரஞ்சு, கொய்யா, அது சி. எலும்புக்குள் நார் மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதைக் கட்டுவது இதுதானாம். "சாப்பாட்டுல மட்டும் டி போதுமான அளவு கிடைக்காது ஐயா. வெயில் வேணும். கையும் காலும் வெயில் படற மாதிரி, கொஞ்ச நேரம். வெந்து போற அளவுக்கு வேண்டாம்."

நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "ஒரு பட்டறையையே நடத்துறவன் நான். ஒரு பொம்பளைக்குச் சோறு ஊட்ட முடியாதா?"

முடியவில்லை.

என் மனைவி டம்ளரில் பால் கொடுத்தால், அதில் ஒரு கரண்டியை டீயில் விட்டுவிட்டு மீதியைப் பூனைக்கு வைத்தாள். அந்தப் பூனைக்கு எலும்பு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அது சுவரிலிருந்து சுவருக்குத் தாவுகிற தாவலைப் பார்த்தாலே தெரிகிறது. மாத்திரையை டீயோடு விழுங்கினாள். ஒரு வாரம் போனதும், "வயித்தைப் புரட்டுது" என்று அதையும் நிறுத்திவிட்டாள். சின்ன மீனை வறுத்துக் கொடுத்தால் ஊசியால் முள் எடுத்தாள். கட்டுப் போட்ட கையோடு, இடது கையால்!

"அண்ணி, இதுல ஒண்ணு தொண்டையில மாட்டினா யாரு பதில் சொல்றது?"

"எல்லாரும் முள்ளோடதான் தின்றாங்க" என்றாள் என் மனைவி.

"எல்லாரும் கண்ணாடியா தேய்க்கிறாங்க?"

என் மனைவி கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெயில் விஷயத்தில் மட்டும் இணங்கி வருவாள் என்று நினைத்தேன். அங்கேயும் வம்பு. திறந்த மொட்டை மாடியில் உட்கார மாட்டாளாம். காற்றடித்தால் கண்ணில் தூசி. பக்கத்து மாடியில் துணி காயப்போட வருகிறவர்கள் பார்ப்பார்கள். காக்கா எச்சம் போடும். கடைசியில் அவளே ஒரு யோசனை சொன்னாள். "அண்ணே, நாலு பக்கமும் மேலயும் கண்ணாடி வச்சு ஒரு ரூம் போட்டுக் குடு. வெயில் பூரா உள்ள வரும், நான் பாட்டுக்கு உக்காந்துக்கிறேன்."

இதைக் கேட்டு எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கண்ணாடிக்காரன் தங்கச்சிக்குக் கண்ணாடியிலேயே வைத்தியம்! இருக்கிறதிலேயே உயர்ந்த சரக்கை எடுத்தேன். பச்சை நிறமே ஓடாத கண்ணாடி. பக்கத்தில் போய்த் தொட்டால்தான் இருப்பது தெரியும். ஓரத்தை யார் தேய்ப்பது என்பதில் தகராறு வந்தது. அவள் தூரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சக்கரத்தில் இருந்த ஆளை, "அழுத்தாதே... விடாதே... ஐயோ, அலை விழுந்துருச்சு பாரு" என்று திட்டியே தேய்க்க வைத்தாள். அறையைப் பொருத்தி முடித்த முதல் நாளே ஒரு காக்கா நேராக வந்து மோதியது. அதைவிட நல்ல சர்டிபிகேட் எனக்கு வேண்டாம்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் அந்த அறையில். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வேர்வை ஊற்றும். எழுந்து வரும்போது மூஞ்சி சிவந்திருக்கும். "பாரு, ஏறுது" என்பாள். காளானைத் தட்டில் பரப்பித் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வாள், அதுவும் வெயில் குடிக்கட்டும் என்று. அவளும் காளானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். கடைக்கு வருகிறவர்களை மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருப்பவர் அசந்துபோய், "எங்க வீட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டுப் பிரித்தார்கள். எலும்பு ஒட்டியிருந்தது. தங்கச்சி, சக்கரத்துக்குப் புது மேலுறை வாங்கி வைத்துவிட்டாள்.

ஆறு மாதம் முடிந்து ரத்தம் எடுத்தோம். முடிவு வாங்கப் போனபோது மருமகனும் வந்திருந்தான். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். போன தடவை எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது. ஏதோ பேருக்கு ஒரு புள்ளி ஏறியிருக்கிறது.

மருமகன் எழுந்து நின்று, "அம்மா, பெட்டி எடுத்துக்கலாம்" என்றான். அவன் குரல் சந்தோஷமாகவும் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஜெயித்தவன் கொஞ்சம் சிரிக்கவாவது வேண்டாமா?

தங்கச்சி நாற்காலியை விட்டு நகரவில்லை. கைகள் இரண்டும் மடியில். அவள் கட்டை விரல் சுட்டுவிரலின் மேல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஓரம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும்போது அப்படித்தான் தடவுவாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாடு சொன்ன பெண்ணை அறைக்கு வெளியே பிடித்துவிட்டேன். "ஏம்மா, நீ சொன்னபடிதானே பண்ணினோம்? தினமும் வெயில்ல உக்காந்தா. அப்படியும் ஏறலைன்னா உங்க மெஷின்லதான் ஏதோ கோளாறு."

"எங்க உக்காந்தாங்க ஐயா?"

"மொட்டை மாடியில. நானே ஸ்பெஷலா ரூம் கட்டிக் குடுத்தேன். நாலு பக்கமும் கண்ணாடி, மேலயும் கண்ணாடி. அந்த மாதிரி சுத்தமான கண்ணாடி இந்த ஊர்ல வேற எங்கயும் கிடையாது."

அந்தப் பெண் கையில் இருந்த பேனாவை மெதுவாக மூடினாள். "கண்ணாடிக்குள்ளயா?"

"ஆமா."

"காளானும்?"

"அதுவும் உள்ளதான்" என்றாள் பின்னாலேயே வந்து நின்ற தங்கச்சி.

அந்தப் பெண் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். "ஐயா, கண்ணாடி வழியா வெளிச்சம் வரும், சூடு வரும். ஆனா தோல்ல வைட்டமின் டியை உண்டாக்குற கதிர் ஒண்ணு இருக்கு, அது கண்ணாடியில கிட்டத்தட்ட அப்படியே நின்னுடும். உள்ள வராது."

"என் கண்ணாடியிலயா?"

"எந்த வீட்டு ஜன்னல் கண்ணாடியிலயும்."

நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. ஒரு கதிரைத் தடுக்கிறது என்றால் அது என்ன சுத்தமான கண்ணாடி? "என் கண்ணாடி எதையும் மறைக்காதும்மா. காக்காவுக்கே தெரியல" என்றேன். அந்தப் பெண், "காக்காவுக்குக் கண்ணுக்குத் தெரியற வெளிச்சம்தானே ஐயா தெரியும்?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். தங்கச்சி மூடவில்லை.

"அப்போ ஆறு மாசமா நான் உள்ள உக்காந்து வெறும் வேர்வைதான் விட்டேனா?"

"அப்படித்தான் ஆகுதும்மா."

"மஞ்சக்கரு?"

"அதுலதாம்மா டி இருக்கு. வெள்ளையில இல்ல."

"முள்ளு?"

"அந்த மீன்ல கால்சியமே அதுலதான் நிறைய. வெந்த முள்ளு நல்லா மென்னா ஒண்ணும் பண்ணாது."

தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் மறக்கவில்லை. "நல்லதை எல்லாம் பூனை தின்னுருக்கு அண்ணே."

பிறகு அவள் மகனிடம் போனாள். கெஞ்சினாள் என்று சொல்ல மாட்டேன், அவளுக்குக் கெஞ்சத் தெரியாது. "டேய், நான் தோத்தது வெயில்கிட்ட இல்ல, கண்ணாடிகிட்ட. இன்னும் மூணு மாசம் குடு. இந்தத் தடவை ஏறலைன்னா பெட்டியை நானே தூக்கிக்கிட்டு வரேன்."

"பெட்டியை நீங்க தூக்கக் கூடாதும்மா" என்றான் அவன். அதற்குச் சரி என்றுதான் அர்த்தம். டாக்டரும், மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, தண்ணீரில், நிறுத்தாமல் போட்டால்தான் ஒத்துக்கொள்வேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராக மொட்டை மாடிக்கு ஏறினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போவதற்குள் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றாள்.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்றே?"

"நான் கழட்டல. நீ கழட்டு. நான் சொல்றேன்."

மேல் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்ற வைத்தாள். வெயில் வருகிற இரண்டு பக்கத்துச் சுவரையும் கழற்ற வைத்தாள். காற்றைத் தடுக்கப் பக்கத்தில் இரண்டு மட்டும் மிச்சம். என் உயர்ந்த சரக்கு, காக்கா மோதின சரக்கு, போர்வை சுற்றி மறுபடி பட்டறைக்கு இறங்கியது. இறங்குகிற வழியெல்லாம் நான் முனகினேன், அவள் "பாத்து, பாத்து" என்றாள். மறுநாள் காலை முழுக்கைச் சட்டையைத் தோள் வரை சுருட்டிவிட்டு, பக்கத்து மாடிக்காரர்கள் பார்க்கப் பார்க்க உட்கார்ந்தாள். "என்ன பாக்குறீங்க? எலும்புக்கு" என்று அவளே கத்திச் சொன்னாள். அன்றைக்கு அவர்கள் துணி காயப்போட மறந்து கீழே இறங்கியதுதான் மிச்சம்.

மஞ்சள் கரு முதல் நாள் உள்ளே போனபோது அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை; மருந்து குடிக்கிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். பால் மட்டும் கடைசி வரை ஆகவில்லை. தயிரைக் கொஞ்சம் உப்பும் சீரகமும் போட்டுக் கொடுத்தால் குடித்தாள். சீஸ் பிடித்துப்போனது. அதை யாராவது தடுக்கும்வரை தின்றாள்.

மீன்தான் பெரிய கதை. டப்பா மீன் ஒரு துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் உட்கார்ந்தாள். அதிலிருந்து நடு முள்ளை உருவினாள். வழக்கம்போல ஓரத்தில் வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அதைக் கட்டை விரலில் வைத்து, ஓரத்தைச் சோதிக்கிற மாதிரி மெதுவாக இழுத்தாள். முன்னும் பின்னும். மறுபடி ஒருமுறை. பிறகு இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினாள். அது மாவாக உதிர்ந்தது.

"அண்ணே, இதுல ஓரமே இல்ல" என்றாள்.

"முப்பது வருஷமா அதைத்தானே சொல்றோம்!"

"சொன்னீங்க. விரல்ல வச்சுப் பாக்கச் சொன்னீங்களா?"

அவள் அதை வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்றை எடுத்தாள். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்துவிட்டு, "விரல்ல தடவிப் பாத்தாதான் புத்தி வருமா இந்தக் குடும்பத்துக்கு?" என்று என்னையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனாள். இவள் முள் எடுப்பதைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த இத்தனை வருஷக் கோபம் அவளுக்கு.

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். டி ஏறியிருந்தது. ஒரேயடியாக ஏறிவிடவில்லை. இருக்க வேண்டிய கோட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தது, அவ்வளவுதான். டாக்டர், "உக்காந்து தேய்க்கலாம். கண்ணாடி தூக்கக் கூடாது. ஸ்டூலுக்குக் கைப்பிடி வைங்க. எலும்பு ஒரே நாள்ல கெட்டியாகாது, இதை எல்லாம் விடாம தொடரணும்" என்றார். மருமகன், "மாத்திரைதான் ஏத்துச்சு" என்றான். தங்கச்சி, "முள்ளு" என்றாள். நான், "கண்ணாடியைக் கழட்டினது யாரு?" என்று கேட்டேன். சாப்பாடு சொல்கிற பெண், "எல்லாமே சேர்ந்துதான் ஐயா" என்றாள். அப்படிச் சொன்னால் யாருக்கும் பெருமை கிடைக்காது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மருமகன் கொண்டுவந்த காலிப் பெட்டியைத் திருப்பி எடுத்துப் போனான். போகும்போது என்னிடம், "மாமா, ஸ்டூலுக்குக் கைப்பிடி" என்றான். அன்றைக்கே போட்டுவிட்டேன். தேக்கு.

இப்போது என் கஷ்டம் என்னவென்று கேளுங்கள். அவள் சக்கரத்துக்குத் திரும்பினாள், சரி. ஆனால் பட்டறையில் யாரும் டீயை வைத்துக்கொண்டு பகலை ஓட்ட முடியவில்லை. வேலையாட்களை முறை வைத்து மொட்டை மாடிக்கு அனுப்புகிறாள். "கை உறையைக் கழட்டு, சட்டையைச் சுருட்டு, போ." வெட்டுகிற மேஜை காலியாகக் கிடக்கிறது, வாடிக்கையாளர் கீழே காத்திருக்கிறார், என் ஆட்கள் மேலே வெயில் காய்கிறார்கள். அவர்களுக்கு இதில் சந்தோஷம்தான். எவனாவது முட்டை வெள்ளையை மட்டும் தின்றால் அவனுக்கு அன்றைக்கு அர்ச்சனை. யார் பேசுகிறார்கள் பாருங்கள்!

போன வாரம் துணிக்கடைக்காரர் வந்தார். அளவெல்லாம் எடுத்துத் தாளில் வரைந்து வைத்திருந்தேன். நாலு சுவர், மேலே கூரை, எல்லாம் என் உயர்ந்த சரக்கு. கூரைக்கு, மொட்டை மாடியிலிருந்து இறக்கிய கண்ணாடியையே வெட்டிப் போட்டுவிடலாம் என்று மனசுக்குள் கணக்கும் போட்டுவிட்டேன். அவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். சக்கரம் நின்றது.

"யாருக்குங்க இந்த ரூம்?" என்று அங்கிருந்தே கேட்டாள் தங்கச்சி.

"எங்க அம்மாவுக்கு. முட்டி வலி. டாக்டர் தினமும் வெயில்ல உக்காரச் சொல்லியிருக்காரு."

நான் பலமாக இருமினேன்.

"அப்போ மேல கண்ணாடி போடாதீங்க. வெயில் வர்ற பக்கமும் திறந்தே இருக்கட்டும். கண்ணாடிக்குள்ள உக்காந்தா வேர்வைதான் வரும், வைட்டமின் வராது. நான் ஆறு மாசம் உக்காந்து பாத்தவ."

"ஏம்மா, நீ சக்கரத்தைப் பாரு" என்றேன்.

"பாத்துக்கிட்டுத்தான் சொல்றேன்."

துணிக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "அம்மா மஞ்சக்கரு சாப்பிடுவாங்களா?" என்று அவள் அடுத்த கேள்வியை ஆரம்பித்துவிட்டாள். அரை மணி நேரம் பேசினாள். அவர் காளான் வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டு, காற்றுக்கு மறைப்பாக இரண்டே இரண்டு கண்ணாடிக்குச் சொல்லிவிட்டுப் போனார். வரைந்து வைத்த தாளில் கூரையையும் இரண்டு சுவரையும் நானே என் கையால் அடித்தேன்.

திரும்பிப் பார்த்தால் அவள் தேக்குக் கைப்பிடியில் இடது முழங்கையை ஊன்றி, அவர் கேட்ட முதல் கண்ணாடியின் ஓரத்தைச் சக்கரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் சொட்டுகிறது. வாசலில் பூனை உட்கார்ந்து கத்துகிறது.

"அண்ணே, அதுக்கு ஏதாவது போடு" என்றாள். "மஞ்சக்கரு கேக்குது. நான் குடுக்க மாட்டேன்."